வெண்மணலும் அதன் அழுக்கும்

வீட்டில் மீன்தொட்டி வைத்திருப்போர் யாவரும் அறிந்த துன்பம் ஒன்றுண்டு. தொட்டியின் அடியில் பரப்பிய வெண்மணல் முதல் வாரம் பால்போல் இருக்கும். மூன்றாம் வாரத்தில் அதன்மேல் தேநீர்க் கறைபோல் ஒரு பழுப்பு படரும். மாதம் இரண்டு ஆனால் பச்சை ஏறும். சன்னல் ஓரமாய் வைத்த தொட்டியானால் நீலப்பச்சை நிறத்தில் வழுவழுப்பான ஆடையொன்று மணலைப் போர்த்திவிடும். கருமணல் பரப்பியவர்களுக்கு இத்தொல்லை இல்லை என்பார்கள். அது மெய்யன்று. கருமணலிலும் அதே அளவு அழுக்குதான் சேர்கிறது. கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

திருப்பெரும்புதூரை அடுத்த பென்னலூரில் நம் இல்லத்தின் முன்னறையில் மூன்றடி நீளத் தொட்டி ஒன்று இருக்கிறது. நெடுஞ்சாலையில் இரவு பகலாய் ஓடும் சரக்கு வண்டிகளின் ஓசைக்கு நடுவே, வேலை முடிந்து திரும்புகிறவருக்கு அதன் எதிரில் பத்து நிமிடம் அமர்வது பேரமைதி. அத்தொட்டியில் வெண்மணல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தவன் நம் மகன். அப்போது அவனுக்கு வயது பத்து. கொளத்தூரில் வண்ண மீன் விற்கும் கடைத்தெருவிலிருந்து மணலும் எட்டுப் பொன்மீன்களும் வாங்கி வந்தோம். வாளியில் இட்டு, அரிசி களைவதுபோல் மணலைப் பத்துப் பன்னிரண்டு முறை களைந்து, கலங்கல் நீங்கிய பிறகே தொட்டியில் இட்டோம். நான்கு மாதம் எல்லாம் நன்றாகவே நடந்தது. மணல் மட்டும் பழுப்பேறிப் பச்சையேறி, வந்தவர் எல்லாம் முகம் சுளிக்கும் நிலைக்கு வந்துவிட்டது.

அப்போது நாம் செய்த காரியத்தை இன்று எழுதவும் கூச்சமாய் இருக்கிறது. ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்த கையோடு மீன்களைப் பிடித்து ஒரு குடத்தில் விட்டு, தொட்டியைக் காலி செய்தோம். மணலைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் ஊறவைத்தோம். வடிகட்டியிலிருந்த பஞ்சையும் அதே நீரில் போட்டுப் பிழிந்தோம். பிறகு பலமுறை அலசி, இரண்டு நாள் மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, புது நீர் நிரப்பினோம். தொட்டி பளிங்குபோல் ஆயிற்று. அதைக் கண்டு மகிழாதவர் வீட்டில் இல்லை. நான்காம் நாள் மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஆறாம் நாள் காலையில் ஐந்து செத்து மிதந்தன. மறுநாள் இன்னும் இரண்டு. “எல்லாத்தையும் சுத்தம் பண்ணினோமே அப்பா, அப்புறம் ஏன்?” என்று மகன் கேட்டான். நமக்கு விடை தெரியவில்லை.

கொளத்தூர்க் கடையிலிருந்த முதியவரிடம் போய்ச் சொன்னோம். மருந்து மணம் மணலில் தங்கிவிட்டதோ என்பது நம் ஐயம். அவர் தலையை ஆட்டினார். “மருந்து போயிருக்கும் சார், ரெண்டு நாள் வெயில் பட்டிருக்கே. நீங்க மண்ணையே கொன்னுட்டீங்க” என்றார். பிறகு தம் பழைய தொட்டி ஒன்றின் அடியிலிருந்து இரண்டு கைப்பிடி அழுக்கு மணலை அள்ளி, ஈரம் உலராமல் பையில் கட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. மணலைக் கொல்வது எப்படி, கைப்பிடி மணலால் அதை உயிர்ப்பிப்பது எப்படி என்று அன்று தொடங்கிய தேடலே இக்கட்டுரை.

மணலின் கதையைக் கண்ணாடியிலிருந்து தொடங்குவதே முறை. ஏனெனில் கண்ணாடியும் மணல்தான். நம் ஊருக்கு அருகே, திருப்பெரும்புதூர்த் தொழிற்பேட்டையில், 2000-ஆம் ஆண்டு முதல் செயிண்ட் கோபேன் தொழிற்சாலை தட்டைக் கண்ணாடி செய்துவருகிறது. உருக்கிய வெள்ளீயத்தின்மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டுத் தகடாக்கும் இம்முறையை இங்கிலாந்தில் அலஸ்டர் பில்கிங்டன் என்பார் கண்டு, 1959-இல் உலகறிய வெளியிட்டார். இரும்புக் கலப்பு குறைந்த மணலே தெளிந்த கண்ணாடியாகும். இரும்பு மிகுந்தால் பச்சை ஓடும். மணலின் வெண்மைக்காகக் கவலைப்பட்ட முதல் ஆள் நாமல்ல என்பது இதனால் விளங்கும். இங்கிலாந்தில் கண்ணாடிக்கு விதிக்கப்பட்டிருந்த தீர்வை 1845-இல் நீக்கப்பட்டது. அதன்பிறகே நடுத்தர வீட்டாரும் பெரிய கண்ணாடிப் பெட்டிகளை வாங்கக்கூடியவர் ஆயினர். மீன்தொட்டி என்னும் ஆசை அந்தப் பத்தாண்டில் பிறந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்கும் முன்னரே, 1832-இல், சிசிலித் தீவின் மெசினா நகரில் ழான் வில்பிரூ பவர் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி கண்ணாடித் தொட்டிகளில் கடலுயிர்களை வளர்த்து ஆராய்ந்தார். தையல் வேலை செய்து வாழ்வைத் தொடங்கியவர் அவர். ஆர்கோனாட் என்னும் கடலுயிர் தன் ஓட்டைத் தானே செய்துகொள்கிறது, பிறரிடமிருந்து கவர்வதில்லை என்று மெய்ப்பித்தவரும் அவரே. 1846-இல் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துத் துணைத்தலைவரின் துணைவியார் ஆனா தின், டார்க்கீ கடற்கரையிலிருந்து உயிருள்ள பவளங்களை ஒரு சாடியில் கொண்டுவந்தார். நீரில் காற்றுக் கலக்கவேண்டும் என்பதற்காக, திறந்த சன்னலின் எதிரே நின்று அந்நீரை அரைமணி, முக்கால்மணி நேரம் பாத்திரம் மாற்றி ஆற்றச் செய்தார். அந்தக் கைவலி முழுதும் வீட்டுப் பணிப்பெண்ணுக்கே உரியது. அவர் பெயரை நூல்கள் சொல்வதில்லை. இன்று நம் வீட்டில் சிறு மோட்டார் கொப்புளம் விடும்போதெல்லாம் அப்பெண்ணை நினைத்துக்கொள்கிறோம்.

இனி மணலுக்கு வருவோம். இலண்டன் மருந்தாளர் மன்றத்தில் வேதியியலாளராய் இருந்த ராபர்ட் வாரிங்டன் 1849-இல் ஒரு சோதனை தொடங்கினார். ஏறத்தாழ 12 காலன் கொள்ளும் கலத்தில் பாதியளவு ஊற்றுநீர், அடியில் கழுவிய மணலும் சேறும், சில சுண்ணாம்புக் கற்கள், வாலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடி, இரண்டு பொன்மீன்கள். மீன் விடும் கரிவளியைச் செடி ஏற்கும், செடி தரும் உயிர்வளியை மீன் ஏற்கும், ஆதலால் நீரை மாற்றவே வேண்டியதில்லை என்பது அவர் எண்ணம். எண்ணம் சரியே. ஆயினும் சில நாளில் செடியின் முதிர்ந்த இலைகள் அழுகின. நீர் கலங்கியது. கண்ணாடியிலும் மணலிலும் பச்சைப் பாசி வழிந்தது. நாம் பட்ட அதே தொல்லை, நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னர்!

வாரிங்டன் கலத்தைக் காலி செய்யவில்லை. குளத்தில் அழுகலைத் தின்பது எது என்று எண்ணிப் பார்த்தார். ஐந்தாறு குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். நத்தைகள் அழுகிய இலையையும் பாசியையும் மேய்ந்தன, அவற்றின் முட்டைகள் மீனுக்கு இரையாயின, நீர் தெளிந்தது. 1850-இல் வேதியியல் கழகத்தின் இதழில் இதனை அவர் வெளியிட்டார். மீன்தொட்டிக் கலையின் தொடக்கம் என்று பலரும் சுட்டுவது அக்கட்டுரையைத்தான். செடி, மீன் என்னும் இரண்டோடு தராசு நிற்கவில்லை. மூன்றாவதாக அழுக்கைத் தின்னும் ஓர் உயிர் வேண்டியிருந்தது. நான்காவதாகவும் ஒன்று அக்கலத்தின் மணலில் இருந்தது. அது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்கவும் வழியில்லை.

இலண்டன் விலங்குக் காட்சியகத்தில் 1853-இல் மீன் மாளிகை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் ‘அக்குவேரியம்’ என்னும் சொல்லையே நாட்டில் நிலைநாட்டியது. வீடுதோறும் தொட்டி என்றாயிற்று. அதன் விளைவைக் கூறுவது அவருடைய மகன் எட்மண்ட் காஸ், 1907-இல் வெளியிட்ட தன்வரலாற்று நூல். தந்தை விரும்பிக் காட்டிய கடலோரப் பாறைக்குட்டைகள் எல்லாம், தொட்டிக்காரர்கள் கூட்டங்கூட்டமாய் வந்து அள்ளிச் சென்றதில் வெறுமையாயின என்று அவர் வருந்துகிறார். இதனை வாசித்தபோது நமக்குப் பாலாற்றின் நினைவு வந்தது. நம் இளமையில் அவ்வாற்று மணலில் முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்று சுரக்கும். முதல் நீரை இறைத்துவிட்டு, அகப்பையால் அள்ளிக் குடத்தில் ஊற்றுவார்கள். அத்தனை தெளிவான நீரைக் குழாயில் கண்டதில்லை. வீடு கட்டுவதற்கு என்று வண்டி வண்டியாய் அம்மணல் போயிற்று. 2003-இல் தமிழக அரசு ஆற்றுமணல் அள்ளுவதைப் பொதுப்பணித் துறையின் கையில் எடுத்துக்கொண்டது. போன மணல் போனதுதான். நம் இல்லத்துச் சுவரிலும் அந்த மணல் இருக்கிறது. ஆகவே இதுபற்றிக் குரலை உயர்த்த நமக்கு உரிமை குறைவு.

ஊற்றுநீர் ஏன் தெளிந்திருந்தது? மணல் சல்லடைபோல் தூசியைத் தடுக்கிறது என்றே பலரும் நினைத்தனர். 1877-இல் பாரிசில் ஷ்லோசிங், மியூன்ஸ் என்னும் இருவர் இதற்கு வேறு விடை கண்டனர். சுமார் ஒரு மீட்டர் நீளக் கண்ணாடிக் குழாயில், செந்நெருப்பில் சுட்டெடுத்த மணலையும் சிறிது சுண்ணாம்புத் தூளையும் நிரப்பினார்கள். மேலிருந்து நாள்தோறும் சாக்கடை நீரை மெல்ல விட்டார்கள். முதல் 20 நாள் யாதொரு மாற்றமும் இல்லை. அம்மோனியா அப்படியே கீழே வந்தது. பிறகு, ஒன்றும் புதிதாய்ச் சேர்க்காமலே, அம்மோனியா குறைந்து நைட்ரேட் உப்பு வரத் தொடங்கியது. சல்லடையாயின் முதல் நாளே வேலை செய்யவேண்டுமே? இருபது நாள் காத்திருந்தது எதற்கு? ஐயத்தைத் தீர்க்கக் குளோரோபாம் ஆவியைக் குழாயினுள் செலுத்தினார்கள். மாற்றம் நின்றுபோயிற்று. குளோரோபாமை நீக்கிய பின்னும் அது திரும்பவில்லை. தோட்டத்து மண்ணைக் கரைத்த நீரில் கொஞ்சம் ஊற்றினார்கள். சில நாளில் மணல் மீண்டும் வேலை செய்தது. மணலில் இருந்தது உயிர்.

இதைப் படித்த இரவு நாம் வெகுநேரம் உறங்கவில்லை. அவர்களுடைய குளோரோபாம் நம்முடைய பிளீச்சிங் பவுடர். அவர்கள் ஊற்றிய மண்கரைசல் கொளத்தூர் முதியவரின் கைப்பிடி மணல். மீனின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் பிறக்கும் அம்மோனியாவை மணலிலும் வடிகட்டிப் பஞ்சிலும் வாழும் நுண்ணுயிர்கள் நாள்தோறும் தின்று தீர்த்துவந்தன. அவற்றை ஒரே நாளில் நாம் அழித்தோம். பளிங்குபோல் தெளிந்த நீரில், கண்ணுக்குத் தெரியாத நஞ்சு ஆறு நாள் ஏறிக்கொண்டேயிருந்தது. அவர்கள் கண்டது கட்டுரையாயிற்று. நாம் கண்டது செத்த மீன்.

கதையில் இனி வருவதுதான் நமக்கு மிகவும் பிடித்த பகுதி. பாரிசுச் சோதனையை இங்கிலாந்தில் எடுத்துத் தொடர்ந்தவர் ராதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த ஒரு வேதியியலாளர். அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன். நத்தை விட்ட வாரிங்டனின் மகன். தந்தையின் கட்டுரை வெளிவந்தபோது அவருக்கு வயது 11. வயலுக்கு இடும் எரு எவ்வாறு பயிருக்கு உணவாகிறது என்பதே அவர் வினா. அம்மோனியா ஒரே தாவலில் நைட்ரேட் ஆவதில்லை. முதலில் நைட்ரைட், பிறகு நைட்ரேட் என இரண்டு படிகளில், வெவ்வேறு நுண்ணுயிர்களால் மாறுகிறது என்பதை அவர் கண்டார். அந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுக்க ஆண்டுக்கணக்கில் முயன்றும் அவருக்குக் கைகூடவில்லை. 1890-இல் வினோகிராட்ஸ்கி என்னும் இரசிய அறிஞருக்கு அது கைகூடியது. தந்தையின் கலத்தில் மணலோடு மணலாய் மறைந்திருந்த நான்காவது உயிர் இதுதான். கதை அங்கும் முடியவில்லை. இரண்டு படிகளையும் தானே முடிக்கும் ஒற்றை நுண்ணுயிர் இருப்பதை 2015-இல் இரண்டு ஆய்வுக் குழுவினர் வெளியிட்டனர். அவற்றுள் ஒன்று மீன் வளர்ப்பு அமைப்பொன்றின் வடிகட்டியிலிருந்து கிடைத்தது.

மணலின் அழுக்குக்கு மனித உயிரையே காக்கும் ஆற்றல் உண்டென்று உலகம் அறிந்தது வேறொரு வழியில். 1829-இல் ஜேம்ஸ் சிம்சன் என்னும் பொறியாளர் இலண்டன் செல்சீ நீர் நிறுவனத்திற்காகப் பெரும் மணற்படுகை அமைத்து, தேம்ஸ் நீரை மெல்ல அதனூடே வடியவிட்டார். நாளடைவில் படுகையின் மேல் வழுவழுப்பான ஒரு மெல்லிய தோல் படர்ந்தது. செருமானியர் அதற்கு ‘அழுக்குப் போர்வை’ எனப் பொருள்படும் பெயரிட்டனர். 1892-இல் ஆம்பர்க் நகரில் வாந்திபேதி பரவி எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதை ஒட்டிக் கிடந்த அல்டோனா நகரமோ எல்பே ஆற்றின் கீழ்ப்புறத்தில், ஆம்பர்க்கின் கழிவு கலந்த நீரையே எடுத்துக் குடித்தது. ஆனால் மணற்படுகையில் வடித்துக் குடித்தது. நோய் அங்கே பரவவில்லை. எல்லைத் தெருவின் ஒருபுறம் சாவு, மறுபுறம் இல்லை. ராபர்ட் கோக் இதனை ஆராய்ந்து, மணலின்மேல் படர்ந்த அப்போர்வையின் அருமையை எடுத்துக்காட்டினார். சென்னைக்கும் இம்முறை வந்தது: செங்குன்றம் ஏரிநீரைத் தூய்மையாக்க 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் மணற்படுகைகள் அமைந்தன.

இத்தகைய படுகையை எவ்வாறு துப்புரவு செய்வர் என்பதில்தான் மீன்தொட்டிக்காரருக்குப் பாடம் இருக்கிறது. நீர் வடிவது மிகவும் மந்தமாகும்போது மேலே விரலளவு மணலை மட்டும் சுரண்டி எடுப்பார்கள். கீழிருக்கும் மணலைத் தொடமாட்டார்கள். சுரண்டிய பின்னும் முதல் சில நாள் வடிந்த நீரைக் குடிக்கக் கொடுப்பதில்லை. போர்வை மீண்டும் படரக் காத்திருப்பார்கள். மணலை முழுவதும் கழுவிய அறிவாளி எவரும் அவர்களுள் இல்லை.

மணலைத் துப்புரவு செய்யும் வேலைக்கு நம் நாட்டிலேயே ஆள் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். அயிரை மீனைக் குழம்பில் மட்டுமே அறிந்தவர் நம்மில் பலர். ஆற்றிலும் வாய்க்காலிலும் மணலடியில் வாழும் அந்தச் சிறுமீன், மணலை வாயில் அள்ளி, உண்ணத்தக்கதை வைத்துக்கொண்டு, எஞ்சியதைச் செவுள் வழியே உதிர்த்துவிடும். நாள் முழுதும் மணல் சலிப்பதே அதன் பிழைப்பு. கோபுரம்போல் நீண்டு சுருண்ட சிறு நத்தை ஒன்றும் நம் ஏரிகளில் உண்டு. பகலில் மணலுக்குள் புதைந்து நகர்ந்து, மணலை உழுதுவிடும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த கோரிடோராஸ் மீனை இவ்வேலைக்கென்று கடைகளில் விற்கிறார்கள். அதனைக் குறைசொல்லவில்லை, ஆனால் கூர்முனை மணலில் அதன் மீசை தேய்ந்துவிடும். 1909-இல் மெரினாக் கடற்கரையில், அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் கொண்ட எண்ணத்தின்படி, கடல்மீன் காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. 1919-இல் அது மீன்வளத் துறையிடம் சென்று, 1942-இல் போர் அச்சத்தால் மூடப்பட்டது, மீண்டும் திறக்கவேயில்லை. நம் பாட்டனார் அதனைப் பார்த்ததாகச் சொல்வார். மீன்களைவிட, மணலுக்குள் கண்ணை மட்டும் வெளியே நீட்டிக் கிடந்த தட்டைமீனைப் பற்றியே அவர் மிகுதியும் பேசுவார்.

இப்போது நம் இல்லத்தில் நடப்பது இது. மணல் இரண்டு விரற்கடை ஆழத்திற்கு மேல் இல்லை. ஆழம் மிகுந்தால் அடியில் காற்றுப் புகாமல் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வரும். சனிக்கிழமைதோறும் ஒரு மெல்லிய குச்சியால் மேல்மணலைச் சற்றே கிளறிவிட்டு, ரப்பர் குழாயின் வாயை மணலுக்கு ஓர் அங்குலம் மேலே பிடித்து, வட்டமாய்ச் சுழற்றுகிறோம். எடை குறைந்த அழுக்கு எழும்பிக் குழாயில் ஏறும்; எடை மிகுந்த மணல் கீழேயே தங்கும். குழாயை மணலுக்குள் குத்தினால் மணலும் வாளிக்கு வந்துவிடும். இதைக் கற்க நமக்கு ஒரு படி மணல் செலவாயிற்று. கால்பங்கு நீரை மட்டும் மாற்றுகிறோம். குழாய்நீரை ஒருநாள் முன்னரே பிடித்து, குளோரின் போகத் திறந்து வைக்கிறோம். வடிகட்டிப் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிகிறோம். தொட்டி சன்னலை விட்டு உள்சுவர் ஓரம் மாறிவிட்டது. விளக்கு நாளுக்கு ஆறு மணி நேரம். தீனி, மகன் போட விரும்புவதில் பாதி. புதுத்தொட்டியின் பழுப்பு, டயாட்டம் என்னும் நுண்பாசியின் வேலை. கைவைக்காமல் விட்டால் சில வாரங்களில் பெரும்பாலும் தானே ஒதுங்கும் என்பதை அன்றே அறிந்திருந்தால் ஏழு மீன்கள் பிழைத்திருக்கும்.

உயிர் தப்பிய அந்த எட்டாவது மீன், அயிரைகள் ஐந்து, எண்ணிக்கையற்ற நத்தைகள்: இவையே இன்றைய குடும்பம். மணல் பால்வெள்ளையாய் இல்லை. தயிர்ச்சோற்றின் நிறம் என்கிறார் வீட்டம்மா. இடது மூலையில் உள்ளங்கை அகலத்திற்குப் பச்சை எப்போதும் இருக்கிறது. அதைத் தொடவேண்டாம் என்று மகன் சொல்லிவிட்டான். வாளியில் சேரும் பழுப்பு நீரைச் சனிக்கிழமை மாலை அவனே கொல்லைக்குத் தூக்கிச் சென்று கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றுகிறான். இளைய வாரிங்டன் தேடிய நைட்ரேட் அதில் உண்டு. கன்று இப்போது அவன் தோளுக்கு வந்துவிட்டது.